ஒரு செங்கோட்டை வார்த்தை

அந்த ரேடியோப் பள்ளிக்கூடத்தைத் தாங்களும் கேட்டதாகச் சொல்லும் நம் வயதுக்காரர்களை நான் லேசில் நம்புவதில்லை. கல்யாண வீட்டிலோ ஆஸ்பத்திரி பெஞ்சிலோ யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், முதலில் ஒரு கேள்வி கேட்பேன். அந்தப் பள்ளிக்கூடத்து மணி எப்படிச் சத்தம் போடும்? "டங் டங்னு" என்று பதில் வந்தால் அவர் கேட்டதில்லை, கேட்டவர் சொல்லக் கேட்டிருக்கிறார். அது மணியே இல்லை. பித்தளைத் தம்ளரைக் கரண்டியால் தட்டுவார்கள். வாராவாரம் மூன்றாவது தட்டில் தம்ளர் கீழே விழுந்து உருளும். அது உருண்டு நிற்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் பியூன், "பள்ளிக்கூடம் ஆரம்பம்" என்பான். அந்த உருளல் தெரியாதவரோடு எனக்குப் பேச்சில்லை.

டி.வி. இல்லாத காலம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால், "அப்ப என்னதான் பார்த்தீங்க?" என்று கேட்கிறார்கள். காதால் பார்த்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தென்காசிக் கோயிலுக்குப் பக்கத்துப் பார்க்கில் பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் பாடும். மொட்டைக் கோபுரத்துக்குள் புகுந்து வரும் காற்றுக்கு ஒரு கெட்ட புத்தி. நல்ல நல்ல ஜோக்காகப் பார்த்து அள்ளிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்விடும். அங்கே நிற்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். மேற்கே நிற்கும் நாங்கள் "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு" என்று கேட்டுவிட்டுச் சிரிப்போம். சாரல் மாதமானால் குடைகளில் பொட்டுப் பொட்டென்று விழும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஈரத் துண்டு, எண்ணெய், வறுத்த கடலை வாசனைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் மூச்சைப் பிடித்துக் கேட்பேன்.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பள்ளிக்கூடம். அதில் எல்லாவற்றையும் தப்பாகச் செய்துவிட்டு மற்றவர்களைத் திட்டும் ஒரு ஹெட்மாஸ்டர். இரண்டையும் மூன்றையும் கூட்டும்போதெல்லாம் விடை மாறும் ஒரு கணக்கு வாத்தியார். தூங்குமூஞ்சிப் பியூன். யார் அறைக்குள் நுழைந்தாலும் ஒரு பெஞ்சு விழும். கடைசியில் ஒரு பெண் குரல் வந்து, "உங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த வேடிக்கைகளை எழுதி அனுப்புங்கள், பெயரை வெளியிட மாட்டோம்" என்று சொல்லும். விதியே அந்த ஒரு வரியில்தான் இருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. அதற்குள் கடலைப் பொட்டலத்தைப் பிரித்திருப்பேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. என் அப்பா அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நாங்கள் செங்கோட்டைக்காரர்கள். செங்கோட்டை மலையாளத்துச் சீமையிலிருந்து பிரிந்து நம்ம பக்கம் சேர்ந்த பிறகு, அப்பாவுக்குத் தென்காசியில் வேலை கிடைத்து வாடகை வீட்டில் குடியேறினோம். ரயிலில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் தென்காசியில் நாங்கள் கடைசி வரை "மலையாளத்து ஆளுங்க"தான். அப்பா வேலைக்கு இன்னும் நிரந்தர உத்தரவு வரவில்லை. பள்ளிக்கூடம் ஒரு ரைஸ்மில் முதலாளிக்குச் சொந்தம். அவரை எல்லாரும் மேனேஜர் அண்ணாச்சி என்பார்கள். அவர் இரு என்றால் வேலை, போ என்றால் வீடு.

ஹெட்மாஸ்டரைப் பெரிய சார் என்போம். ரேடியோ ஹெட்மாஸ்டரும் அவரும் ஒன்று என்று அன்றைக்குத் தென்காசி முழுக்க நம்பியது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சாரல் தொடங்கியதும் பெரிய சார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போவார். துணி, எண்ணெய்க் குப்பி, சீயக்காய்த்தூள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கூடப் போவது அப்பா. ஒருநாள் அருவிக்கரைப் பாறையில் பெரிய சார் தலை முதல் கால் வரை எண்ணெய் பூசி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறார். அங்கே காசுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒருவர் கோவணத்தோடு வந்து நின்ற அரவம் கேட்டதும் பெரிய சார் முதுகைத் திருப்பிக் காட்டி, "நல்லா அழுத்தித் தேய்லே" என்றிருக்கிறார். வந்து நின்றவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அப்பாவுக்கு ஆளைத் தெரியும். "சார்... சார்..." என்று இழுத்திருக்கிறார். "நீரு சும்மா இரும் வேய். ஏலே, இடுப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றாராம் பெரிய சார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ரசிகரும்கூட. இடுப்பு வரை தேய்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அருவிக்குள் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "அழுத்தம் போதுமா சார்?"

இதை அப்பா ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அம்மாவிடம் மட்டும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரையேறிவிட்டது. நான் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரிய சார் வீட்டு அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறவு ஒன்றுமில்லை, கூப்பிடுகிற முறைதான். கீழப்பாவூர்க்காரர், எட்டாவது வரை படித்தவர், பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா என்னை வாயே திறக்க விடமாட்டாள். அத்தையோ, "அப்புறம் என்னட்டி நடந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் ஆட்களைப் போலவே நடித்துக் காட்டுவேன். அத்தை சிரித்தால் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொள்வார். பெரிய சார் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டதும் அந்த முகம் துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிடும். அவர் வீட்டில் இருக்கும்போது அத்தை சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அத்தை ஏதோ கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "ஓர்மை இல்லை அத்தே" என்றேன்.

"அதென்னட்டி ஓர்மை? உங்க ஊர்க் கடையில விக்குதா?"

"ஞாபகம் அத்தே. ஞாபகம் இல்லன்னு சொல்லுதேன்."

"ஓர்மை இல்லை, ஓர்மை இல்லை" என்று அத்தை ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் பெரிய சார் குரலில், மூக்கை விடைத்துக்கொண்டு சொன்னார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அருவிக்கரை முதுகுக் கதையையும் அதே வாரத்தில்தான் சொன்னேன். கிளம்பும்போது கையில் ஒரு மங்குஸ்தான் பழமும் ஒரு கவரும் கொடுப்பார். "எங்க கூடப்பிறந்த அண்ணனுக்கு லெட்டர். போற வழியில பெட்டியில போட்டுட்டுப் போ." விலாசம் இங்கிலீஷில் இருக்கும். ஆறாம் வகுப்பில்தான் எங்களுக்கு ஏ, பி, சி, டியே ஆரம்பம். எனக்கு அது கோழி கிளறினது போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து ரேடியோ ஹெட்மாஸ்டர், பெயர் சொல்லாத ஏதோ ஒரு ஊர் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு, வந்து நின்ற இன்ஸ்பெக்டரிடம் முதுகைக் காட்டினார். பார்க்கே குலுங்கியது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்வியால் பெரிய சார் விஷயம் அரசல்புரசலாக ஊருக்குத் தெரிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கடைசியில் "என்னை யார் என்று தெரிகிறதா?" என்று கேட்கிறார். ரேடியோ ஹெட்மாஸ்டர் மூக்கால் சொல்கிறார்: "ஓர்மை இல்லை!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டு வார்த்தை குழாய்க்குள்ளிருந்து வருகிறது. அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ரேடியோ ஹெட்மாஸ்டருக்கு அதுதான் பதில். தென்காசிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மூக்கை விடைத்துக்கொண்டு அதையே சொன்னார்கள். கோயில் வாசலில் பூக்காரம்மாகூடச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அப்பா மேல் சந்தேகம் வந்தது. ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறாரே, பாடக்குறிப்பா அது? அவருடைய மை ஒற்றுத்தாளைக் கண்ணாடியில் காட்டிப் படித்தேன். "மாணவர்கள் தாமாகவே" என்று மட்டும் இருந்தது. அதுவே எனக்குப் போதுமான சாட்சியாகப் பட்டது. பக்கத்து பெஞ்சுக்காரி, "ரேடியோக் கதையை எழுதுதது உங்கப்பாதானாட்டி?" என்று கேட்டபோது நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

ஊரும் கணக்குப் போட்டது. தென்காசிக்காரன் எவனும் ஓர்மை என்று சொல்ல மாட்டான். இலஞ்சிக்காரன் சொல்ல மாட்டான். மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. அருவிக்கரையில் அன்றைக்குப் பெரிய சாரோடு இருந்தது யார்? முடிந்துபோயிற்று.

மேனேஜர் அண்ணாச்சி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து வாத்தியார்களை ஆபீஸ் ரூமில் கூட்டினார். ஆபீஸ் ரூமுக்கும் எங்கள் வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டிதான் மறைப்பு. அங்கே தும்மினால் இங்கே சளி பிடிக்கும். நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்டோம்.

அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "ஒரு விஷயம் மறந்துபோச்சுன்னா உங்க ஊர்ல என்ன வேய் சொல்லுவீரு?"

"மறந்துபோச்சுன்னுதான் அண்ணாச்சி சொல்லுவோம்" என்றார் இலஞ்சி வாத்தியார்.

"நெனைப்பு இல்லன்னு சொல்லுவோம்" என்றார் டிரில் மாஸ்டர்.

"சார்வாள், நீரு?"

"ஞாபகம் இல்லைன்னு சொல்லுவோம்" என்றார் அப்பா. திருத்தமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப சரி" என்றார் அண்ணாச்சி. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப சாதாரணமாக, "ஆமா சார்வாள், பெரிய சாரோட நீரு ஐந்தருவிக்குப் போனீரே, அது என்னைக்கு, எந்தத் தேதி?" என்று கேட்டார்.

அப்பா நிஜமாகவே யோசித்திருக்க வேண்டும். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எந்தத் தேதின்னு..." என்று இழுத்துவிட்டு, "ஓர்மை இல்லையே அண்ணாச்சி" என்றார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த முதல் சிரிப்பு என்னுடையது. வேண்டுமென்று சிரிக்கவில்லை. அந்த வார்த்தை கேட்டால் சிரிக்க வேண்டும் என்று ரேடியோ என்னைப் பழக்கி வைத்திருந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் டயம் தாரேன். எழுதுனது நீரு இல்லைன்னா யாருன்னு ஆளைக் காட்டும். காட்டலைன்னா நீருதான். ஊருக்குப் போற வழியப் பாரும்."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் பார்க்குக்குப் போகவில்லை. அம்மா அடுப்படியில் நின்றபடி கேட்டாள். "முதுகு தேய்ச்ச கதைய யாருட்ட சொன்னீங்க?"

"ஒன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நான் யாருட்டயும் சொல்லலை."

"நானும் சொல்லலை."

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகும் வெகுகாலத்துக்கு அந்தப் பார்வை எங்கள் வீட்டில் இருந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குக் காது உண்டு என்பது பெரியவர்களுக்கு ஏனோ தோன்றுவதே இல்லை.

சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவர் கதை கேட்கவில்லை. "அப்பா என்ன செய்யுதாரு?" என்றார்.

"சும்மா இருக்காரு."

"சாப்பிட்டாரா?"

"தெரியலை அத்தே."

எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது வழக்கம்போல ஒரு மங்குஸ்தானும் ஒரு கவரும் கொடுத்தார். கவர் எப்போதையும்விடக் கனமாக இருந்தது. என் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். "போ. நனையாமப் போ" என்றார்.

பழத்தைத் தின்றுகொண்டே நடந்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. மங்குஸ்தான் தோலின் கறை விரலில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. கவரிலும் பட்டுவிட்டது. துடைக்கப் போனவள் விலாசத்தைப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் கோழி கிளறினதாகத் தெரிந்தது ஆகஸ்டில் எழுத்தாகியிருந்தது. ஆர். ஏ. டி. ஐ. ஓ. அப்பா கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

சிவப்புப் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தை எழுதினார், நான் சொல்லி எழுதினார், நான் கொண்டுபோய்ப் போட்டேன். இந்தக் கவரை அப்பாவிடம் கொடுத்தால் அப்பா திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் போவார். இவ்வளவும் தெரிந்தது. பெரிய சார் அத்தையை என்ன செய்வார் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன, நான் நினைத்தது அது இல்லை. இந்தக் கவரைப் போடாவிட்டால் ரேடியோப் பள்ளிக்கூடத்தில் அடுத்தது என்ன நடக்கும் என்று தெரியாமல் போய்விடுமே என்றுதான் நினைத்தேன்.

போட்டுவிட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

அத்தை மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியும். முதன்முதலாக என் பெயரை இங்கிலீஷில் எழுதிக் காட்டியதே அவரிடம்தான். அப்படியிருந்தும் அன்றைக்கு அந்தக் கவரை என் கையில் ஏன் கொடுத்தார்? நான் படித்து அப்பாவிடம் கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் கொடுத்தாரோ? தன் வாயால் சொல்ல முடியாததை என் கையில் வைத்து அனுப்பினாரோ? அப்படியென்றால் பதினோரு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு பெரிய காரியத்தை ஒப்படைத்தது நியாயமா? ஒரு நாள் இப்படித் தோன்றும், ஒரு நாள் அப்படித் தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

திங்கட்கிழமை அப்பா போய், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டைப் பையில் ஒரு சாக்கட்டித் துண்டு தெரியாமல் வந்துவிட்டிருந்தது. மறுநாள் பிள்ளை ஒன்றிடம் அதைக் கொடுத்தனுப்பினார். அப்படிப்பட்ட மனிதர். அந்த வாரமே சாமான்களைக் கட்டிச் செங்கோட்டைக்கு ரயிலேறினோம். அப்பா ஒரு மரக்கடையில் வெட்டிவந்த மரத் தடிகளுக்கு அளவு எழுதும் வேலைக்குப் போனார். அதன்பிறகு அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்றதில்லை.

சாரல் முடிந்து வெயில் வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவை அழைத்து வர மரக்கடைக்குப் போனேன். திரும்பும்போது சாயாக்கடை ரேடியோவில் தம்ளர் விழுந்து உருண்டது. அப்பா நின்றார். நானும் நின்றேன்.

ரேடியோ ஹெட்மாஸ்டர் துப்பறிகிறார். தன்னைக் கேலி செய்து எழுதுகிறவன் யாரென்று கண்டுபிடிக்க, வாத்தியார்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு வார்த்தை சொல்லச் சொல்கிறார். பெஞ்சு விழுகிறது. கடைசியில் ஒரு பாவப்பட்ட வாத்தியாரைப் பிடித்து வேலையை விட்டு அனுப்புகிறார். அந்த மனிதர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "சார், நான் செய்த தப்பு என்ன சார்?" என்று கேட்கிறார்.

"ஓர்மை இல்லை!" என்கிறார் ஹெட்மாஸ்டர்.

சாயாக்கடை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு முதுகுக் கதை சொன்னபோது புரையேறியதே, அதேபோல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தனை வாரம் மூச்சைப் பிடித்துக் கேட்ட நிகழ்ச்சியில் எனக்குச் சிரிப்பு வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

பிறகு நடந்தோம். ரயில்வே கேட்டைத் தாண்டினோம். "எழுதுனவங்களுக்கு நம்ம வீட்டுப் பேச்சு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் அப்பா. நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கறை எப்போதோ போயிருந்தது.

"ஏட்டி," என்றார் அப்பா. கோபமாக இல்லை. பாடத்தில் தெரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டார். "அந்த முதுகுக் கதைய நீ யாருட்டயாவது சொன்னியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிப்பது போல நாலு எட்டு வைத்தேன்.

"ஓர்மை இல்லைப்பா" என்றேன்.